கடற்கரை ஊர்களில் இளையோர் குழு: தலைமை, துணிச்சல், வாழ்க்கை நோக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் எஸ்.பி.பட்டினம் முதல் மூக்கையூர் வரையுள்ள கடற்கரை ஊர்களில் 13 முதல் 21 வயதுப் பிள்ளைகளை வைத்துக் குழு நடத்த நினைப்பவர்கள், அதில் சேர விரும்பும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமாக இருக்கும். பிள்ளைகள் அதிகம் இடறுகிற இடங்கள் அவை என்பதால் சுருக்கவில்லை.

தலைமைப் பண்பை எங்கிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது? நல்ல பேச்சாளர் யாரையாவது அழைக்கலாமா?

அழைக்கலாம், முதல் மாதத்தில் மட்டும் வேண்டாம். பேச்சைக் கேட்டு எழும் உற்சாகம் ராத்திரிச் சோறு தின்பதற்குள் இறங்கிவிடும். முதல் நாளே ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அந்தப் பொறுப்புக்கு உரியவர் பெயர், முடிக்க வேண்டிய நாள், முடிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். "ஊரைச் சுத்தமாக வைத்திருப்போம்" என்பதில் மூன்றும் இல்லை. "கதிரின் பொறுப்பு: ஞாயிறு நாலரை மணிக்குள் நூலகச் சாவியை வாங்கிப் பாய் விரித்துவைப்பது, ஆறே காலுக்குச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது" என்பதில் மூன்றும் இருக்கின்றன.

இவ்வளவு சின்ன வேலையா என்று பெரியவர்கள் கேட்பார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையை நம்பி வீட்டில் ஒரு சாவியைக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். நாலு வாரம் தவறாமல் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளையிடம் ஐந்தாவது வாரம் பணப்பெட்டியைக் கொடுக்கலாம். நம்பிக்கை இந்த வரிசையில்தான் வளரும்.

எத்தனை பேர், எங்கே, எந்த நேரத்தில் கூட வேண்டும்?

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். பதினைந்தைத் தாண்டினால் நாலைந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் செல்போன் பார்ப்பார்கள். ஆறுக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத வாரத்தில் கூட்டமே நடக்காது. கூடுதலாகப் பிள்ளைகள் வந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் வேலைக்குப் போகிற பையன்கள் இருக்க மாட்டார்கள். திரும்பிய அன்று மீன் இறக்கி, வலை உதறி, தூங்கி எழவே மாலையாகிவிடும். வெள்ளி மதியம் தொழுகை, ஞாயிறு காலை பூசை. இதையெல்லாம் கழித்தால் பெரும்பாலான ஊர்களில் ஞாயிறு மாலை 4.30 முதல் 6.00 வரைதான் மிஞ்சுகிறது. இருட்டுவதற்கு முன் முடிப்பது முக்கியம். பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்புவதும் அனுப்பாததும் பெரும்பாலும் இந்த ஒன்றைப் பொறுத்திருக்கிறது.

இடம் பொதுவானதாக இருக்கட்டும்: நூலகம், பள்ளி வராண்டா, பல்நோக்குப் புயல் காப்பகம். கோயில் மண்டபமோ பள்ளிவாசல் திண்ணையோ சர்ச் வளாகமோ எவ்வளவு அன்போடு கொடுக்கப்பட்டாலும், ஊரில் ஒரு பாதிப் பிள்ளைகள் வாசலிலேயே தயங்குவார்கள். யார் பாய் விரிக்கிறார்கள், யார் தண்ணீர் கொண்டுவருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒரே தெருப் பிள்ளைகள்தான் எப்போதும் கூட்டிப் பெருக்குகிறார்கள் என்றால், குழு ஊரின் பழைய பிரிவினையை அப்படியே எடுத்து நடத்துகிறது என்று பொருள். வேலைப் பட்டியலைச் சீட்டுக் குலுக்கி எழுதினால் இது வராது.

ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்வது?

முதல் 15 நிமிடம் போன வாரப் பொறுப்புகள்: செய்தேன், செய்யவில்லை, பாதியில் நிற்கிறது என்று மூன்றில் ஒரு பதில். காரணம் சொல்ல ஆளுக்கு ஒரு நிமிடம். அடுத்த 10 நிமிடம் கணக்கு வாசிப்பு. பிறகு 40 நிமிடம் கையில் இருக்கும் வேலை. 15 நிமிடம் ஒரு பயிற்சி, அது பேச்சாக இருக்கலாம், முடிச்சுப் போடுவதாக இருக்கலாம், முதலுதவியாக இருக்கலாம். கடைசி 10 நிமிடம் அடுத்த வாரப் பொறுப்புகளைப் பெயர் போட்டு எழுதுவது.

கூட்டத்தை நடத்துகிறவர் நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். வாராவாரம் மாற்றினால் யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். மாற்றாமலே விட்டால், வாய்த்துடுக்கான ஒரு பிள்ளை மூன்றே மாதத்தில் குழுவுக்குச் சொந்தக்காரனாகிவிடும்.

முதல் வேலையாக எதை எடுக்கலாம்?

ஆறு முதல் எட்டு வாரத்தில் முடிகிற, ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்குகிற, முடிந்ததும் ஊரே பார்க்கிற வேலை. எங்கள் கணிப்பில் இதற்கு மிகப் பொருத்தமானது தெருவிளக்கு. படகுக்குப் போகிறவர்கள் விடியுமுன் நடக்கிற பாதை, பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருகிற சந்து, இவற்றில் விளக்கு எரியாத கம்பம் எந்த ஊரிலும் இருக்கும். ஊராட்சிப் பகுதியில் தெருவிளக்குப் பராமரிப்பு ஊராட்சியின் கடமை.

முதல் வாரம் நடந்து பாருங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கும். உப்புக்காற்றில் எண் அழிந்திருந்தால் எதிரே உள்ள வீடு, கடை, குழாயை அடையாளமாக எழுதிக்கொள்ளுங்கள். நோட்டில் நாலு கட்டம்: கம்பம் எண், இடம், எரிகிறதா, என்ன கோளாறு. பல்பு இல்லை, பல்பு இருந்தும் எரியவில்லை, பகலிலும் எரிகிறது என்று கோளாறைப் பிரித்து எழுதுவதுதான் இந்த வேலையின் உயிர். "எங்கள் தெருவில் விளக்கு இல்லை" என்று மனு கொடுத்தால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். எந்தக் கம்பத்தில் என்ன குறை என்று கொடுத்தால் ஏணியும் பல்புமாக வருவார். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அதே கம்பங்களை மறுபடி பாருங்கள். ஒரு நாள் மட்டும் எரியாதது கணக்கில் வராது.

நாலாம் வாரம் மனு. ஒரே பக்கம், இரண்டு பிரதி. மேலே ஊராட்சியின் பெயர், நடுவில் பட்டியல், கீழே தெருவில் உள்ளவர்களின் கையெழுத்து. ஒரு பிரதியில் பெற்றதற்கான கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பக் கூடாது. பிள்ளைகள் தடுமாறுகிற இடம் இது. "வச்சிட்டுப் போங்க தம்பி" என்றதும் வெட்கப்பட்டு வந்துவிடுவார்கள். "ஒரு சீல் மட்டும் போட்டுக் கொடுங்க சார், நோட்டுல ஒட்டணும்" என்று பணிவாகச் சொல்லி நிற்பதைக் கூட்டத்தில் நாலு தடவை நடித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இரண்டு வாரம் கழித்து நேரில் போய்க் கேளுங்கள். அசையவில்லை என்றால் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், முதல்வரின் முகவரி உதவி எண் 1100 என இரண்டு வழி இருக்கிறது. கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டம்: பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். இதை முதலிலேயே நீட்டாதீர்கள். ஊராட்சி ஆட்களைப் பகைத்துக்கொண்டால் அடுத்த வேலைக்கு அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

18 வயது ஆகவில்லை. கிராம சபையில் என்ன செய்ய முடியும்?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். அதனால் தீர்மானத்தை உங்கள் அம்மாவோ சித்தப்பாவோ முன்மொழியட்டும், விவரம் திரட்டுவதும் எழுதுவதும் உங்கள் வேலை. சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று, கையெழுத்துப் போடுமுன் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேசியதெல்லாம் எழுத்தில் ஏறிவிடும் என்று நம்பி வீட்டுக்கு வருபவர்கள் அதிகம்.

குழுப் பணத்தை யார் வைத்துக்கொள்வது?

வாரம் ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் வேண்டாம். இல்லாத பிள்ளையிடம் கேட்கவே வேண்டாம். பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம், நோட்டு மூன்றாமவரிடம். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, ரசீது இல்லாத டீக்கடைச் செலவுக்கு இரண்டு பேர் கையெழுத்து. ஜிபேயில் ஒருவர் கணக்கில் வாங்கினால் அது அவர் வீட்டுச் செலவோடு கலந்துவிடும். திருட்டு எண்ணமே இல்லாத பிள்ளைகூடக் கணக்கு ஒப்புவிக்க முடியாமல் கூனிக்குறுகி, கடைசியில் குழுவுக்கே வராமல் நின்றுவிடும். நல்ல பிள்ளைகளைக் குழுக்கள் இழப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். அதனால்தான் கணக்கு வாசிப்பை வாராவாரம் வைக்கச் சொல்கிறோம்.

நாலு பேர் முன்னால் எழுந்தால் கை நடுங்குகிறது. இது மாறுமா?

படிப்படியாக ஏறினால் மாறும். முதல் வாரம் உட்கார்ந்தபடியே கணக்கை வாசியுங்கள். அடுத்து, எழுந்து நின்று அந்த வாரம் கண்ணில் பட்ட ஒன்றை ஒரு நிமிடம் சொல்லுங்கள். பிறகு தெரியாத ஒருவரிடம் போய் ஒரு விவரம் கேட்டு வாருங்கள், ஐஸ் கம்பெனியில் ஒரு பார் ஐஸ் என்ன விலை என்பது போல. அடுத்து ஊராட்சி அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். அதன் பிறகு கூட்டத்தை நடத்துங்கள். ஊர் முன் பேசுவது கடைசிப்படி. ஒரு படியில் மூச்சு சீராகும் வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வழக்கிலேயே பேசுங்கள். பாம்பனில் இயங்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியைக் கேட்டுப் பாருங்கள், நம் ஊர்ப் பேச்சு ஒலிபெருக்கியில் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது என்று தெரியும்.

கடலில் ஒருவர் தத்தளிக்கும்போது குதித்துக் காப்பாற்றுவதுதானே துணிச்சல்?

இந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் பதில் சொல்கிறோம், உயிர் சம்பந்தப்பட்டது. நீச்சல் தெரிந்த பையன்கள்கூட இதில் சாகிறார்கள். மூழ்குகிறவர் கையில் எது கிடைத்தாலும் அதன் மேல் ஏறி மூச்சு வாங்கப் பார்ப்பார். அது உங்கள் தோளாக இருந்தாலும் சரி. அவர் கெட்டவர் இல்லை, அந்த நேரத்தில் உடம்பு அப்படித்தான் வேலை செய்யும். அவரைவிட நீங்கள் பலசாலியாக இருந்தாலும் தப்புவது கடினம்.

மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போகும், உடம்பு நட்டுக்குத்தாக நிற்கும், கைகள் தண்ணீரைப் பக்கவாட்டில் அழுத்தும். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான் இருக்கும். அதனால் வரிசை இது: சத்தம் போட்டு ஆள் கூப்பிடு, எட்டுகிற தூரம் என்றால் துடுப்போ கம்போ நீட்டு, எட்டாவிட்டால் மிதக்கிற பொருளைக் கயிறு கட்டி வீசு, முடிந்தால் வள்ளத்தில் போ. வெறும் உடம்போடு இறங்குவது இந்தப் பட்டியலிலேயே கிடையாது.

குழுவில் பழக 15 மீட்டர் கயிறு ஒன்றும், மூடியுள்ள 5 லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றும் போதும். கேன் காலியாக இருந்தால் காற்று தூக்கிப் போய்விடும். கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கினால் நேராகப் போகும், மிதக்கவும் செய்யும். கயிற்றின் மறுமுனையில் கண்ணி போட்டு இடது காலால் மிதித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் சுற்றக் கூடாது, இழுவை வந்தால் உங்களையும் சேர்த்து இழுக்கும். கயிற்றை வளையம் வளையமாக இடது கையில் பிடித்து, வலது கையால் கேனைக் கீழிருந்து மேலாக வீசுங்கள். ஆளைக் குறி வைக்காமல் அவர் தலைக்கு மேலே தாண்டி விழும்படி வீசினால், கயிறு அவர் தோளில் படியும். தடவித் தேட வேண்டியதில்லை. முதல் வீச்சு தவறினால் மறுபடி வளையம் சுற்றிக்கொண்டிருக்காமல், கயிற்றை இழுத்துக் காலடியில் போட்டுவிட்டு உடனே வீசுங்கள். அலை குறைந்த பெண் கடல் (பாக் நீரிணை) பக்கம், மணலில் நின்றபடி, ஆளுக்குப் பத்து வீச்சு பழகலாம். தனுஷ்கோடியில் ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் பழகவே கூடாது, அங்கே கரையோர நீரோட்டம் காலை வாரிவிடும். இழுத்துச் செல்லும் ஓட்டத்தில் நீங்களே சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வாருங்கள்.

கரைக்குக் கொண்டுவந்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற பழக்கமும் தலைகீழாகத் தூக்குகிற பழக்கமும் இன்னும் இருக்கின்றன. இரண்டும் ஆபத்து. வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கும், பொன்னான நிமிடங்களும் போகும். மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடர வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். இதை வாசித்துக் கற்க முடியாது. 108 ஊழியரையோ செவிலியரையோ அழைத்துப் பொம்மை மேல் செய்து பழகுங்கள். அவசர எண்கள் 108, 112. கடலுக்குள் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554.

"பயந்தாங்கொள்ளி" என்று கூட்டாளிகள் கேலி செய்யும்போது என்ன செய்வது?

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் கடலுக்குப் போகாதவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை. அனுபவம் உள்ள கடலோடிகள் காற்று மாறுவதைப் பார்த்துப் பாதியில் வலையை அறுத்துவிட்டுக் கரை திரும்புவார்கள். இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கேலி கடினமாவது வேறொரு இடத்தில். இந்தக் கரையில் இலங்கைக்குப் பொருள் கடத்துகிறவர்கள் பையன்களைத் தேடுகிறார்கள். "பொட்டலத்தை வண்டியிலிருந்து வள்ளத்துக்கு மாத்தினா போதும்", "உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியவே வேண்டாம்", "உனக்குப் பதினெட்டு ஆகல, ஒண்ணும் பண்ண மாட்டாங்க". மூன்றாவது பேச்சுதான் பெரிய பொய். 16 வயது நிரம்பியவர் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. கடல் அட்டை என்ற கடல் உயிரினம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை. வழக்கு நடந்துகொண்டிருந்தாலே பாஸ்போர்ட்டும் அரசு வேலையும் சிக்கலாகும். கடலோரக் காவல்படையில் சேர ஆசைப்படும் பையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மறுப்பதைப் பழக வேண்டும். தனியாக இருக்கும்போது வராத சொல், கூட்டாளி தோளில் கை போட்டிருக்கும்போது வரவே வராது. கூட்டத்தில் ஒருவர் ஆசை காட்டட்டும், ஒருவர் மறுக்கட்டும். ஒரே வாக்கியம் போதும்: "எனக்கு இது வேண்டாம்ணே, நான் கிளம்புறேன்." காரணம் சொல்லத் தொடங்கினால் எதிராளி ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வைத்திருப்பார். சொன்னதும் நடந்துவிடுங்கள். முன்பணம், புது செல்போன், "சும்மா வச்சுக்க" என்று தரும் பை எதையும் கையில் வாங்காதீர்கள், வாங்கினால் கடன்பட்டவர் ஆகிவிடுவீர்கள். அன்று ராத்திரியே நம்பகமான இரண்டு பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஒருவரிடம் மட்டும் சொன்னால் அவர் பயந்து மூடி மறைத்துவிடலாம். பெரியவர்களே, பிள்ளை வந்து சொல்லும்போது "அவன்கூட உனக்கு என்ன சகவாசம்" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் அடுத்த தடவை உங்களிடம் வர மாட்டான்.

வேலு நாச்சியாரைப் பற்றிச் சொல்லும்போது எதை எடுத்துச் சொல்வது?

வாளையும் குதிரையையும் எல்லோரும் சொல்கிறார்கள். இராமநாதபுரம் அரச குடும்பத்தில் 1730-இல் பிறந்தவர் அவர். 1772-இல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டபின், சிவகங்கையை மீட்டது 1780-இல். இடையில் எட்டு ஆண்டு. திண்டுக்கல் அருகே விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் ஆதரவைப் பெற்று, மருது சகோதரர்களோடு படை திரட்டினார். கையில் ஒரு சிறு மகளும் இருந்தாள். அந்த எட்டு ஆண்டில் என்னென்ன செய்திருப்பார், யாரை நம்பியிருப்பார், எத்தனை தடவை "இன்னும் நேரம் வரவில்லை" என்று சொல்லியிருப்பார் என்று பிள்ளைகளையே பேச விடுங்கள்.

எடுத்த வேலை தோற்றுவிட்டால்?

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் இராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம். செய்தியாளர்கள் முன் பொறுப்பை ஏற்றுப் பேசியவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் வெற்றி பெற்றபோது பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர் கலாம். குழு நடத்துகிற பெரியவர்கள் செய்ய வேண்டியதும் இதுவே: ஊர் கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள், பாராட்டுக்குப் பிள்ளைகளை முன்னே விடுங்கள்.

குழுவுக்குள் மூன்று கேள்வி: என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, அடுத்த தடவை எந்த ஒன்றை மாற்றுவோம். "யாரால்" என்ற கேள்வி அன்றைக்கு வேண்டாம். ஒருவர் வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் அதைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஊர் அண்ணன்மார், கட்சிக்காரர்கள் குழுவைக் கையில் எடுக்கப் பார்க்கிறார்கள்.

எடுப்பார்கள், குறிப்பாக விளக்கு எரிந்த பிறகு. முதலில் டி-ஷர்ட் வரும், பிறகு பிளக்ஸ், பிறகு பிளக்ஸில் யார் படம் பெரிது என்ற சண்டை. தொடக்கத்திலேயே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்: ஆள் படம் போட்ட பேனர் கிடையாது, பொருளாக மட்டுமே நன்கொடை, கொடுத்தவர் பெயர் கணக்கில் வரும், சுவரில் வராது. முகத்தில் அடித்தாற்போல் மறுக்காமல் "இது ஆரம்பத்துலேயே எழுதுன விதிண்ணே" என்று நோட்டைக் காட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். ஊர்த் தலைவர், ஜமாத், பங்குப் பேரவை எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் நடந்ததைச் சொல்லுங்கள். தெரியாமல் நடக்கிறது என்ற எண்ணம்தான் அவர்களுக்குக் கோபம் தருகிறது.

பெண் பிள்ளைகளைச் சேர்த்தால் ஊரில் பேச்சு வராதா?

வரும். அதற்காகச் சேர்க்காமல் விடுவது ஊரில் பாதியை விட்டுவிடுவது. குறைந்தது நாலு பெண் பிள்ளைகள் ஒரே நேரத்தில் சேரட்டும், ஒன்றிரண்டு பேர் என்றால் நிலைக்க மாட்டார்கள். இரண்டு அம்மாக்கள் முறை வைத்து உட்காரட்டும். வாட்ஸ்அப் குழுவில் பெண் பிள்ளைகளின் எண்ணை எல்லோரும் பார்க்கும்படி சேர்க்காமல், அம்மாவின் எண்ணைச் சேர்க்கலாம். கணக்கு எழுதுவது, கோலம் போடுவது என்று அவர்களுக்கு ஒதுக்கிவிடாதீர்கள். அலுவலகத்துக்குப் போய்ப் பேசுவதும் கூட்டத்தை நடத்துவதும் முறைப்படி அவர்களுக்கும் வர வேண்டும்.

தலைமை தாங்கும் பெண்களை இந்தக் கரை பார்த்திருக்கிறது. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசி பறிக்கும் பெண்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தவர்கள். அவர்களை ஒன்றுதிரட்டிய பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருதைப் பெற்றார். எல்லோருக்கும் வருமானம் குறையும் என்று தெரிந்தே ஒரு கட்டுப்பாட்டுக்கு ஊரை இணங்க வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

எனக்கு என்ன லட்சியம் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதினாறு வயதில் தெரியாமல் இருப்பது இயல்பு. "கலெக்டர் ஆவேன்" என்று சட்டெனச் சொல்லும் பிள்ளைகளில் பலர் பெரியவர்கள் காதுக்கு இதமானதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆறு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ராத்திரி மூன்று வரி: இன்று எதைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை, எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை, யார் எதற்காக என் உதவியைத் தேடி வந்தார்கள். ஒன்றும் இல்லாத நாளில் கோடு போட்டுவிடுங்கள், கதை கட்ட வேண்டாம். ஆறு வாரம் கழித்துத் திரும்ப வரும் சொற்களுக்கு வட்டம் போடுங்கள். "மோட்டார்" இரண்டாவது வரியிலும் மூன்றாவது வரியிலும் பல தடவை வந்தால், அது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

பிறகு பத்து மணி நேரம் அதைச் செய்து பாருங்கள், ஒரு மெக்கானிக்கிடமோ வலை பின்னுகிறவரிடமோ செவிலியரிடமோ. அவரிடம் கேட்க வேண்டியவை: ஒரு நாள் எப்படிப் போகும், முதல் மூன்று வருடம் என்ன வருமானம், எந்த வேலை சலிப்பு, எந்தப் படிப்பு உண்மையில் உதவியது. கடைசியில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். அதில் யாருக்காக, என்ன, இந்த வருடத்துக்குள் எவ்வளவு என்ற மூன்றும் இருக்கட்டும். "எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஐந்து பேரை இந்த வருடம் கணக்கில் தேற வைப்பேன்" என்பது ஒரு முழு நோக்கம். அடுத்த வருடம் அதை மாற்றலாம். கலாமுக்கும் முதல் ஆசை விமானப்படை. எட்டு இடத்துக்கு நடந்த தேர்வில் ஒன்பதாவதாக வந்தபின்தான் பாதை மாறியது.

கடல் தொழிலிலேயே இருக்க ஆசை. வீட்டில் "படிச்சு வெளிய போ" என்கிறார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கடலின் ஆபத்தையும் கடனையும் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். படிப்பையும் கடலையும் சேர்த்துப் பிடிக்க வழி உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, 1949 முதல் 1971 வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமே அங்கேதான் இருந்தது. மீன்வளப் பட்டப்படிப்புக்கு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிளஸ் 2 முடித்த மீனவ இளைஞர்கள் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேர, தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 90 நாள் இலவசப் பயிற்சி நடத்துகிறது. அறிவிப்பு எப்போது வரும் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், பள்ளி விடுமுறையும் அதிலேயே வரும். மேலே சொன்ன பத்து மணி நேரச் சோதனைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

குழுவில் ஒரு பிள்ளை சில வாரமாகச் சோர்ந்தே இருக்கிறது.

உற்சாகமூட்டும் பேச்சு வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, கேட்டு, அறிவுரை சொல்லாமல் உட்காருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைகளுக்கு 1098. மூன்றும் இலவசம்.

பெரியவர்கள் எப்போது விலகிக்கொள்ளலாம்?

தொடர்ந்து இரண்டு வாரம் சொல்லாமல் போகாமல் இருந்து பாருங்கள். கூட்டம் நடந்து, கணக்கு வாசித்து, நோட்டில் அடுத்த வாரப் பொறுப்புகள் பெயரோடு இருந்தால் மாதம் ஒருமுறை போனால் போதும். கூட்டமே நடக்கவில்லை என்றால் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். எந்த வேலையை நீங்கள் இன்னும் கையிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது சாவியாகவோ பணமாகவோ வெளியாட்களோடு பேசுவதாகவோ இருக்கும்.

இதற்குச் சான்றிதழ் உண்டா?

கிடையாது. சான்றிதழ் தேவைப்படுகிறவர்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்திலோ என்.சி.சி.யிலோ சேருங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. ஊர்க் குழுவில் எழுதிய நோட்டையும் முத்திரை வாங்கிய மனுப் பிரதிகளையும் பத்திரமாக வையுங்கள். நேர்காணலில் "என்ன செய்திருக்கிறாய்" என்று கேட்டால் எடுத்து நீட்ட அவை போதும்.